சாவி இருக்கும் ஐந்தாவது இடம்

தைப்பூசக் காவடி அன்று மொரீஷியஸில் அரசு விடுமுறை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு காவடி நாளில், காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவில் படிகளில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி காவடியோடு மேலே ஏறிப் போய்விட்டான். அம்மா பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கைபேசி அடித்தது. எபேன் சைபர் சிட்டியில் நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தின் இணையவாசல் காலையிலிருந்து திறக்கவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே வருவார்கள். காரணம் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வாசல் எங்களுடையதுதான் என்று உலாவிக்குக் காட்டும் மின்னணுச் சான்றிதழ் முந்தைய நள்ளிரவோடு காலாவதி ஆகியிருந்தது.

புதுச் சான்றிதழ் வாங்க அரை மணி நேரம் போதும். அதை எங்கெங்கே போட வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பணியில் இருந்த பையன் இரண்டு சர்வரில் போட்டான். வாசல் திறந்தது, மறுபடி மூடிக்கொண்டது. ஆவணத்தைப் பார்த்தோம். நான்கு இடம் என்று எழுதியிருந்தது. நான்கிலும் போட்டாயிற்று. அப்படியும் பாதிப் பேருக்குத் திறக்கவில்லை.

அந்த வாசலைக் கட்டியவர் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. காவடி நாளில் அவரை வேறெங்கே தேடுவது? மலையடிவாரத்தில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறும் பந்தியில் நின்றுகொண்டிருந்தார், கையில் பூசணிக்காய்க் கறி வாளியோடு. வழக்கமாக நாங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசிக்கொள்வோம். நான் கோவையில் படித்துவிட்டு வந்தவள் என்பதால், என்னைக் கண்டால் மட்டும் தன் பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழுக்கு மாறிவிடுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாளியைக் கீழே வைத்தார். "நாலு இடம்னுதாம்மா எழுதி வச்சிருப்பாங்க. அஞ்சாவது ஒண்ணு இருக்கு. பாரிஸ்ல இருக்கிற கூட்டாளி கம்பெனிப் பெட்டியில நம்ம பழைய சாவியோட அடையாளத்தைப் பதிச்சு வச்சிருக்காங்க. நாம மாத்தினா அவங்களும் மாத்தணும்." யாருக்கு அழைக்க வேண்டும் என்பதையும் நினைவிலிருந்தே சொன்னார். மாலை நான்கு மணிக்கு வாசல் முழுதாகத் திறந்தது.

அந்த ஐந்தாவது இடம் எனக்குள் தங்கிவிட்டது. குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கும் குறியாக்கத்துக்கு மாறுவது பற்றி யார் பேசினாலும் கறி வாளியோடு நின்ற அந்த ஐயாதான் கண்முன் வருகிறார். காரணத்தை விளக்க, முதலில் விஷயம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் முன்பின் தெரியாத இருவர் ரகசியமாகப் பேசிக்கொள்ள வழி செய்தது 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறை. அடுத்த வருடமே ஆர்எஸ்ஏ என்ற இன்னொரு முறை வந்தது. வங்கிச் செயலி, மின்னஞ்சல், மென்பொருள் புதுப்பிப்பு என்று எல்லாவற்றின் அடியிலும் இந்த இரண்டும், பின்னால் வந்த இவற்றின் உறவான நீள்வட்ட வளைவு முறைகளும் இருக்கின்றன. பெரிய எண்ணைக் காரணிகளாக உடைப்பது, அல்லது அதைப் போன்ற இன்னொரு கணக்கைத் தீர்ப்பது, சாதாரணக் கணினிக்கு முடியாத வேலை என்ற நம்பிக்கையில் கட்டியவை அவை. 1994இல் பீட்டர் ஷோர், போதிய அளவுள்ள குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் அந்தக் கணக்குகள் எளிதாகிவிடும் என்று காட்டினார். அப்படி ஒரு கணினி இன்றைக்கு இல்லை. ஆனால் அதற்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்ற மதிப்பீடு இறங்கிக்கொண்டே வருகிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைக்க 2 கோடி குவிட்டும் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் கிட்னியும் எக்கெராவும் கணக்கிட்டார்கள். அதே கிட்னி 2025 மே மாதம் 10 லட்சத்துக்கும் குறைவான குவிட் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று எழுதினார். இயந்திரம் வளர்ந்து மேலே வருகிறது, தேவை கீழே இறங்கி வருகிறது.

மாற்றுப் பூட்டுகள் தயார். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2016இல் உலகம் முழுவதும் இருந்து முன்மொழிவுகளைக் கேட்டது. முதல் சுற்றில் 69 வந்தன. எட்டு வருடம் போட்டுத் தட்டிப் பார்த்து, 2024 ஆகஸ்ட் 13 அன்று மூன்றைத் தரநிலைகளாக வெளியிட்டது. சாவி பரிமாற எம்எல்-கெம், கையொப்பமிட எம்எல்-டிஎஸ்ஏ, இன்னொரு வகைக் கையொப்பமாக எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ. 2048 பிட் ஆர்எஸ்ஏவை 2030க்குப் பின் தவிர்க்க வேண்டியதாகவும் 2035க்குப் பின் கூடவே கூடாததாகவும் ஆக்கும் வரைவையும் அதே வருடம் நவம்பரில் வெளியிட்டது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் எங்கெங்கே என்ன இருக்கிறது என்று 2028க்குள் கண்டுபிடியுங்கள், முக்கியமானவற்றை 2031க்குள் மாற்றுங்கள், 2035க்குள் முடியுங்கள் என்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்கும் சொல்லைக் கவனியுங்கள்: கண்டுபிடியுங்கள்.

இவ்வளவு வருடம் இருக்கிறதே, ஏன் அவசரம் என்று கேட்பவர்களுக்கு மிக்கேலே மோஸ்கா என்ற கணிதவியலாளரின் எளிய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் தகவல் எத்தனை வருடம் ரகசியமாக இருக்க வேண்டும், உங்கள் அமைப்பை மாற்ற எத்தனை வருடம் ஆகும், இரண்டையும் கூட்டுங்கள். குவாண்டம் கணினி வரப்போகும் வருடங்களைவிட அது அதிகமானால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். இன்று கம்பியில் போகும் மறைச்செய்தியை அள்ளிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஒருநாள் திறந்து படிக்கலாம் என்பதால் வரும் கணக்கு இது. எங்கள் தீவில் இதை விளக்குவது எளிது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ரெயூனியன் வழியாக வந்து, மொரீஷியஸைத் தொட்டு, கொச்சிக்கும் பினாங்குக்கும் போகும் சேஃப் கேபிள் கடலடியில் கிடக்கிறது. அது மாதிரி ஒருசில கேபிள்கள்தான் எங்களை உலகத்தோடு கட்டி வைத்திருக்கின்றன. எங்கள் மருத்துவக் கோப்பும் அறக்கட்டளைப் பத்திரமும் சம்பளப் பட்டியலும் அந்த வழிகளில்தான் போய்வருகின்றன.

மோஸ்காவின் கணக்கில் எனக்கு ஒரு குறை. மாற்ற ஆகும் வருடங்களை எல்லோரும் இயந்திரத்தின் வருடங்களாகவே எண்ணுகிறார்கள். இத்தனை சர்வர், இத்தனை பெட்டி, இத்தனை மாதம். மாற்றப் போகிற ஆட்கள் கற்றுக்கொள்ள ஆகும் காலத்தை யாரும் அதில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அந்த எண் எவ்வளவு பெரிதாகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது இருக்கும் இடத்தில் உள்பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெரிய ஆர்வத்தோடு முதல் வகுப்பை எடுத்தேன். குவிட் என்றால் என்ன, மேல்நிலைப்பு என்றால் என்ன, ஷோரின் முறை எப்படி எண்களின் சுழற்சியைக் கண்டுபிடிக்கிறது என்று இரண்டு மணி நேரம். புதிய முறைகளின் கணிதத்துக்கு வந்தபோது கரும்பலகையில் புள்ளிக் கோலம் போட்டேன். எம்எல்-கெம் நிற்பது பின்னல் அமைப்பின் மேல். அதாவது வெளியெங்கும் ஒழுங்காகப் பரவிய புள்ளிகள். ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, இதற்கு அருகில் இருக்கும் உண்மையான கோலப் புள்ளி எது என்று கேட்டால், வாசலில் போட்ட கோலத்தில் குழந்தைகூடச் சொல்லிவிடும். அதே கோலம் சில நூறு திசைகளில் விரிந்தால் எந்தக் கணினிக்கும் திணறல்தான். வகுப்பில் எல்லோர் முகமும் மலர்ந்தது. ஒரு பெண், பொங்கலுக்குத் தன் பாட்டி போடும் கோலத்தைப் படம் எடுத்து அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் பொறுப்பேற்றிருக்கும் அமைப்பில் ஆர்எஸ்ஏ எங்கே இருக்கிறது? ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கோலம் மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

தவறு என்னுடையது. அவர்கள் செய்யப் போகிற வேலைக்கு நான் கற்பிக்கவில்லை; எனக்குப் பிடித்ததைக் கற்பித்தேன். இந்தத் துறையில் நடக்கிற பெரும்பாலான பயிற்சி இப்படித்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தலைப்பில் குவாண்டம் என்ற சொல் இருப்பதால் இயற்பியலில் தொடங்குகிறோம். ஆனால் புதிய குறியாக்கம் ஓடுவது நம் மேசையில் இருக்கும் சாதாரணக் கணினியில். அதை நிறுவ ஒருவருக்கு குவாண்டம் இயற்பியல் ஒரு வரிகூடத் தெரியத் தேவையில்லை. புதிய முறைகளை உருவாக்கவும் உடைத்துப் பார்க்கவும் உலகத்துக்குச் சில நூறு கணித மேதைகள் போதும். மாற்றிப் பொருத்த வேண்டியது லட்சக்கணக்கான இடங்களில், ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கிறவர்கள்.

இரண்டாம் முறை எல்லோரையும் அவரவர் மடிக்கணினியோடு வரச் சொன்னேன். முதல் வேலை, தினமும் நுழையும் ஐந்து தளங்களுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவியின் கட்டளை போட்டு, எந்த முறையில் சாவி பரிமாறிக்கொள்கிறது என்று பார்ப்பது. வெளியுலகத் தளங்கள் சிலவற்றில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று வந்தது. பழையதையும் புதியதையும் சேர்த்து முடிச்சுப் போட்ட கலப்பு முறை அது. இரண்டில் ஒன்று உடைந்தாலும் மற்றது காக்கும். எங்கள் உள்தளங்கள் ஒன்றிலும் அது வரவில்லை. அறை அமைதியானது. தங்கள் கைபேசியில் இருக்கும் சிக்னல் செயலி 2023இலேயே மாறிவிட்டது, ஐமெசேஜ் 2024இல் மாறிவிட்டது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2022 முதலே இப்படி ஒரு கலப்பு முறையை இயல்பாகத் தருகிறது என்று தெரிந்தபோது, இது எதிர்காலக் கதை என்ற எண்ணம் அவர்களிடமிருந்து போய்விட்டது.

இரண்டாம் வேலை ஒரு அட்டவணை. எந்த அமைப்பு, எந்த முறை, சாவி எந்த இடத்தில், அந்தத் தகவல் எத்தனை வருடம் ரகசியமாக இருக்க வேண்டும், மாற்றுவது நம் கையில் இருக்கிறதா அல்லது விற்றவர் கையிலா. கடைசியில் ஒரு பத்தி: இதைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும். அந்தப் பத்தியைச் சேர்த்தது காவடி நாள் நினைவில்.

எதைத் தொடத் தேவையில்லை என்பதையும் அதே நாளில் கற்பித்தேன். ஏஇஎஸ்-256 மாதிரியான ஒற்றைச் சாவிக் குறியாக்கத்தை ஷோரின் முறை ஒன்றும் செய்யாது. தகவலுக்குக் கைரேகை மாதிரி ஒரு சுருக்கம் எடுக்கும் எஸ்ஹெச்ஏ-256ஐ அவசரமாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இது தெரியாதவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் மாற்றக் கிளம்புவார்கள், அல்லது பெட்டியின் மேல் குவாண்டம் என்று எழுதி யாராவது விற்க வருவதை வாங்கிவிடுவார்கள். ஒரு தீவின் பயிற்சிப் பணம் அப்படிக் கரைவதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை.

முதல் வகுப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒருமுறை வகுப்பே எங்களைத் தேடி வந்திருந்தது. 2024 ஏப்ரலில் குரோம் உலாவியின் 124ஆம் பதிப்பு கலப்பு முறையைத் தானாகவே இயக்கத் தொடங்கியது. அடுத்த சில நாளில் எங்கள் ஆட்கள் சிலருக்கு ஒரு உள்தளம் திறக்காமல் போயிற்று. எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும். உதவி மேசையில் வழக்கமானதைச் செய்தார்கள்: உலாவியின் தற்காலிக நினைவகத்தை அழி, மறுபடி தொடங்கு, வேறு உலாவியில் திற. வேறு உலாவியில் திறந்தது, ஆகவே குரோமில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள், பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு வந்து ஒரு வருடமே ஆன வலையமைப்புத் தம்பி ஒருவன் பாக்கெட்டுகளை, அதாவது வலையில் தகவல் போகும் சிறு பொட்டலங்களை, பிடித்துப் பார்த்தான். கிரியோலில் அவன் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "மேடம், ஹலோ இரண்டாக உடைந்து போகிறது." உலாவி சர்வருக்கு அனுப்பும் முதல் செய்திக்கு ஹலோ என்றே பெயர். பழைய முறையில் அதில் போகும் பொதுச்சாவி 32 பைட். புதிய முறையில் அதோடு 1184 பைட் சேர்கிறது. வலையில் ஒரு பாக்கெட் வழக்கமாகச் சுமப்பது 1500 பைட். மற்ற விவரங்களும் சேர்ந்ததும் ஹலோ ஒரு பாக்கெட்டுக்குள் அடங்காமல் இரண்டாகிவிட்டது. நடுவில் இருந்த பழைய பெட்டி ஒன்று முதல் பாக்கெட்டை மட்டும் படித்துவிட்டு, இது அரைகுறை என்று தொடர்பை வெட்டிக்கொண்டிருந்தது. இதே கோளாறை அந்த மாதங்களில் உலகத்தில் பல இடங்களில் கண்டார்கள்.

எனக்கு அந்தத் தம்பியை நினைத்தால் இன்றும் பெருமை. அவனுக்கு ஷோரும் தெரியாது, கோலமும் நினைவில்லை. அந்த முதல் வகுப்பில் அவன் இல்லவே இல்லை. பாக்கெட்டைப் பிடித்துக் கண்ணால் பார்க்கத் தெரிந்திருந்தது, 32 எப்படி 1216 ஆனது என்று வியக்கத் தெரிந்திருந்தது. சாவிக்கே இப்படி என்றால் கையொப்பத்துக்கு இன்னும் பெரிய மாற்றம் காத்திருக்கிறது. நீள்வட்ட வளைவுக் கையொப்பம் 64 பைட். எம்எல்-டிஎஸ்ஏ-65 கையொப்பம் 3309 பைட். எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏவில் மிகச் சிறியதே 7856 பைட். ஒரு சான்றிதழ்ச் சங்கிலியில் இப்படிப் பல கையொப்பங்கள் வரும். கார்டு இயந்திரத்திலும் கதவு திறக்கும் அட்டையிலும் மின்சார மீட்டரிலும் இதை எப்படி அடக்குவது? அங்கே தேவைப்படப் போகிறவர்கள் இந்தத் தம்பி மாதிரியானவர்கள். அவர்களைக் குறியாக்க நிபுணர் என்று யாரும் அழைப்பதில்லை, பயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயரும் வருவதில்லை.

பட்டியலில் வராத இன்னொருவர் எங்கள் கொள்முதல் பிரிவு அக்கா. கணினிப் படிப்பு இல்லை. கணக்கியல் படித்து முப்பது வருடமாக ஒப்பந்தம் பார்க்கிறவர். வகுப்புக்கு நான் வற்புறுத்தித்தான் கூப்பிட்டேன். முதல் ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இந்தப் பூட்டு கெட்டுப்போச்சுன்னா பூட்டை மட்டும் மாத்தலாமா, கதவையே பெயர்க்கணுமா?" கிரியோலில் சாவிக்கு லாக்லே என்போம். லாக்லே, கதவு, சட்டம் என்று அவர் வீட்டு வாசலை வைத்துக் கேட்ட கேள்வி, துறையில் பெரிய பெயரோடு சொல்லும் ஒரு கருத்தின் நடுப்புள்ளி. குறியாக்க முறையை அமைப்பிலிருந்து பிரித்து, வேண்டும்போது கழற்றி மாட்டும்படி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அது.

அடுத்த வாரம் அவர் பத்து வருடத்துக்கு வாங்கப் போகும் ஒரு கருவியின் ஒப்பந்தத்தை எடுத்துவந்தார். அதில் ஓரத்தில் தன் கையெழுத்தில் மூன்று கேள்வி. குறியாக்க முறையை மென்பொருள் புதுப்பிப்பால் மாற்ற முடியுமா? எந்தத் தேதிக்குள்? செலவு யார் தலையில்? விற்பனையாளரிடமிருந்து மூன்று வாரம் கழித்து வந்த பதிலில், பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும் என்று நான்காம் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார். நான் எடுத்த எல்லா வகுப்பிலும் நிறுவனத்துக்கு அதிகப் பணம் மிச்சமானது அந்த மூன்று கேள்வியால்தான். வாங்கும்போதே கேட்கத் தெரிந்த ஒருவர், பின்னால் வந்து மாற்றப் போகும் பத்து பொறியாளர்களுக்குச் சமம்.

பூட்டை மட்டும் மாற்றும் வசதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022இல் நடந்ததைச் சொன்னால் போதும். நிஸ்ட் போட்டியில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இருவர் ஒரு சாதாரணக் கணினிச் சில்லின் ஒரே ஒரு செயல்பகுதியில் (core) சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் எதுவும் இல்லாமலே. பத்து வருடத்துக்கு மேல் ஆராய்ந்த ஒரு பாதை அது. இன்றைக்குத் தேர்ந்தவையும் நாளை அசையலாம் என்பதால்தான் நிஸ்ட் 2025 மார்ச்சில் வேறு கணிதத்தின் மேல் நிற்கும் ஹெச்கியூசி முறையை மாற்றாகச் சேர்த்தது. ஆகவே எம்எல்-கெம்மை மனப்பாடம் செய்த ஆட்கள் போதாது. இன்னொரு முறை மாறச் சொன்னால் கலங்காமல் மாற்றத் தெரிந்தவர்கள் வேண்டும். பயிற்சி என்பது அந்தப் பழக்கம்.

வகுப்பில் நான் சொல்லும் ஒரு ஊர்க்கதை உண்டு. 1998இல் எங்கள் மத்திய வங்கி புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. காலங்காலமாக ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் இருந்த எழுத்துகளில் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள். இன்றும் எங்கள் நோட்டில் தமிழ் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. என் சின்ன வயதில் அப்பா இரண்டு நோட்டையும் விளக்கடியில் வைத்து எனக்குக் காட்டியது நினைவிருக்கிறது. புழக்கத்தில் போய்விட்ட ஒன்றைத் திரும்பப் பெறுவது எவ்வளவு பெரிய வேலை என்பது மொரீஷியஸ்காரர்களுக்குத் தெரியும். ஆனால் வங்கியிடம் ஒரு வசதி இருந்தது. எத்தனை நோட்டு அச்சடித்தோம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று பதிவேடு இருந்தது. நம் சாவிகளுக்கு அந்தப் பதிவேடு இல்லை. நாற்பது வருடமாக யார் யாரோ, எங்கெங்கோ, அவசரத்துக்கு அச்சடித்துப் புழக்கத்தில் விட்டிருக்கிறோம்.

எங்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. 12 லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் இருக்கும் தீவு இது. ஒரு துறையில் நன்றாகத் தேர்ந்த பையனும் பெண்ணும் பிரான்ஸுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரே ஒரு நிபுணரை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பித் தயார் செய்யும் திட்டம் இங்கே நிற்காது. அவர் விமானம் ஏறும் நாளில் எல்லாம் போய்விடும். பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்திருப்பதே எங்களைக் காக்கும். அதனால் நான் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பெயர் என்று விதி வைத்தேன். அட்டவணையின் எந்த அமைப்பும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது.

மேலாளர்களுக்கு இதை ஏற்கவைக்கக் குவாண்டம் பயம் உதவவில்லை. வேறொரு தேதி உதவியது. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகிவிடும். கையால் புதுப்பிக்கும் காலம் முடிகிறது. எங்கே என்ன சான்றிதழ் இருக்கிறது என்று தெரிந்து, தானாகப் புதுப்பிக்கும்படி வைக்காத நிறுவனத்துக்கு மாதாமாதம் காவடி நாள்தான். அதே அட்டவணை, அதே ஆட்கள், அதே பயிற்சி. அந்த வேலைக்கு ஒதுக்கிய நேரத்தில் இந்த வேலைக்கான கையும் பழகிவிடுகிறது. அலுவலக நேரத்திலேயே வாரம் மூன்று மணி நேரம் கேட்டேன், கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலையில், வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து படி என்று சொன்னால் பெண்கள்தான் முதலில் நிற்பார்கள். அதை ஊர்த் தமிழ் வகுப்புகளிலேயே பார்த்திருக்கிறேன்.

மொழி பற்றியும் ஒன்று. கையேடு ஆங்கிலத்தில், ஒப்பந்தம் பிரெஞ்சில், வகுப்பு கிரியோலில். அப்படித்தான் எங்கள் தலையும் வேலை செய்கிறது. கேள்வி எந்த மொழியில் எழுகிறதோ அந்த மொழியில் பதில் கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லியிருந்தால் கொள்முதல் அக்கா அந்தக் கதவுக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

போன மாதம் அந்தப் பழைய ஐயாவை வகுப்புக்கு அழைத்திருந்தேன். ரோஸ் ஹில்லில் ஏறி மெட்ரோவில் வந்து இறங்கினார். கையில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம், முப்பது வருடத்துச் சிறு குறிப்புகள். எம்எல்-கெம் பற்றி நான் அனுப்பியதைப் படித்துவிட்டு வந்திருந்தார். "கணக்கு எனக்குப் புரியல, ஆனா எங்க போடுவீங்கன்னு புரியுது" என்றார். எங்கள் அட்டவணையைத் திரையில் பார்த்தார். ஒவ்வொரு வரியாக, அவசரமே இல்லாமல். பிறகு பழைய பிரதிகளை ஏற்றி வைத்திருக்கும் காப்பு நாடாக்கள் எங்கே என்று கேட்டார். நாங்கள் அவற்றைச் சேர்க்கவில்லை. அவற்றைப் பூட்டிய சாவியைப் பூட்டியது ஒரு ஆர்எஸ்ஏ சாவி. அந்த வரியைச் சேர்த்தோம்.

அடுத்து அவர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "உங்கள்ல அடுத்த அஞ்சு வருஷத்துல ஓய்வு பெறப் போறவங்க யாரு? அவங்க பேரை முதல்ல எழுதுங்க. பெட்டியெல்லாம் அப்புறம்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொள்முதல் அக்கா எழுந்து வந்து, என் கையிலிருந்த எழுதுகோலை வாங்கி, பலகையில் தன் பெயரை எழுதினார். பக்கத்தில், இந்த வருடம் டிசம்பர் என்று தேதி போட்டார். பாக்கெட் பிடித்த தம்பி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.